சின்யோராவின் மேசைவிரிப்பில் பெய்த மழை

இத்தாலியின் தீவு நகரமான பலேர்மோவில் வானம் மஞ்சளாக இருண்டு சூடான காற்று வீசினால், சனம் யன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடும். நான் வந்து இரண்டாவது வருடம் அப்போது. மழைக்குப் பயந்த சனம் என்று சிரித்துக்கொண்டு வாளிகளுடன் மொட்டை மாடிக்கு ஓடினேன். நெடுந்தீவில் பிறந்தவன் நான். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காத ஊர். மழை பெய்தால் அண்டா குண்டாவெல்லாம் வெளியே வந்துவிடும். வெள்ளை உடுப்புகளை அன்றைக்குத்தான் தோய்ப்போம்.

பலேர்மோவும் தண்ணீர் விஷயத்தில் நெடுந்தீவுக்குத் தம்பிதான். சுற்றிவரக் கடல், குழாயில் வெறுங்காற்று. அந்த வருடம் நாலு நாளைக்கொரு தடவைதான் தொட்டிக்குத் தண்ணீர் வந்தது. நான் வேலை செய்த வீட்டு எசமானியம்மா, சின்யோரா, தன் தாய் பூவேலை செய்த வெள்ளை மேசைவிரிப்பை உயிர்த்த ஞாயிறு விருந்துக்குத் தோய்க்கச் சொல்லியிருந்தார். விருந்து முடிந்ததும் என் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. கையெழுத்து இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் ஊருக்குப் போய் மனைவி மேரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது.

அன்று சவர்க்காரம் போட்ட விரிப்பை மாடிக் கொடியில் போட்டு, அலசும் வேலையை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கீழே வந்து கத்தரிக்காய் பொரித்தேன். திரும்பிப் போனபோது விரிப்பு செங்கல் நிறம். வாளிகளில் பால்தேநீர்.

பின்னாலேயே சின்யோரா வந்தார். விரிப்பைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கடை தீவிலை மழைத்தண்ணிதான் திறம், சின்யோரா" என்று தெரிந்த இத்தாலியனில் சொன்னேன்.

"இது மழை இல்லை, அந்தோனியோ. ஆப்பிரிக்கா" என்றார் அவர். சிரோக்கோ காற்று பாலைவன மண்ணைக் கடல் தாண்டிக் கொண்டுவருமாம்.

வெட்கத்தில் வாளியைக் கவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். மண் அடியில் படியட்டும், மேல் தண்ணீர் கக்கூசுக்கு உதவும் என்றார். இவரும் தீவுக்காரிதான் என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்று தரம் தோய்த்தும் விரிப்பில் தேநீர் நிறம் போகவில்லை. விருந்துக்கு அதையேதான் விரித்தார். அதன் மேலேயே கையெழுத்தும் போட்டார்.

"சைன் வைச்சிட்டாவோ?" என்று மேரி போனில் கேட்டாள்.

"ஓம். வாறன்."

ஊருக்குப் போன மூன்றாம் நாள் வானம் இருண்டது. மேரி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட, நான் கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடி யன்னல்களைச் சாத்தினேன்.

"என்னப்பா செய்யிறியள்? மழையெல்லோ வருது" என்றாள்.

வெளியே வந்து முதல் துளியை உள்ளங்கையில் ஏந்தி, நிறத்தைப் பார்த்த பிறகுதான் வாளியை எடுத்தேன்.