பந்த் அன்று வந்த ஆட்டோ

தொண்ணூறுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன; குழந்தை இன்னும் இல்லை. அவருக்குப் பாரிமுனையில் ஆபீஸ், தினமும் மின்சார ரயில். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அது என்னுடையது. இதைச் சொன்னால் அந்தக் காலத்தில் எதிரில் இருப்பவர், காது சரியாகக் கேட்காதவர் போல, "யாருது?" என்று இன்னொரு தடவை கேட்பார்.

என் அண்ணன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது என்னிடம் விட்டுவிட்டுப் போன வண்டி அது. கல்யாணத்துக்கு முன்பே கேம்ப் ரோடு பக்கம் ஒரு காலி மைதானத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டுதான் கற்றேன். ஆனால் கற்ற பிறகு அந்த ருசி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுவேன். அகரம்தென், வேங்கைவாசல், சில நாள் வண்டலூர் தாண்டி கேளம்பாக்கம் வரைக்கும். அப்போதெல்லாம் அந்த ரோடுகளில் இரண்டு பக்கமும் வயலும் ஏரியும்தான். வாரம் முழுக்க ஹெட்போனில் கேட்டுக் கேட்டுப் புளித்த "டிரங்க் கால் என்ன ஆச்சும்மா" எல்லாம் அந்தக் காற்றில் காணாமல் போய்விடும். எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அது. அதில் அவரும் கூட வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் என் பேராசை.

அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, நான் வேலைக்குப் போவதற்கு ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. ஆனால் பெண்டாட்டி ஓட்டுகிற வண்டியில் பின்னால் உட்காருவது என்றால் மட்டும் அவருக்கு உயிர் போய்விடும். சரி, நீங்களே ஓட்டுங்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். வண்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டில் சாய்த்துவிட்டு, "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதோடு சரி.

கெஞ்சினேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் கூடக் கிடந்து பார்த்தேன். கடைசியில் ஒரு வழியாக, சில நிபந்தனைகளோடு ஒத்துக்கொண்டார். நிபந்தனைகளைக் கேளுங்கள். எங்கள் தெருவில் உட்கார மாட்டார். முனையில் இருக்கிற பிள்ளையார் கோயில் வரைக்கும் தனியாக நடந்து வந்து அங்கேதான் ஏறுவார். திரும்பும்போதும் அங்கேயே இறங்கிவிடுவார். அதற்கப்புறம் வண்டியை நான் ஓட்டவும் கூடாது. அவர் ஹாண்டில்பாரைப் பிடித்து உருட்டிக்கொண்டு முன்னால் வருவார், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வரவேண்டும். தெருக்காரர்கள் கண்ணில் அது அவர் வண்டி, ஞாயிற்றுக்கிழமை நான் இரவல் வாங்கி ஓட்டுகிறேன்; அதுவும் பாவம், வழியில் ரிப்பேர் ஆகிவிட்டது. "உங்க வூட்டுக்காரர் வண்டி எப்பப் பாத்தாலும் மக்கர் பண்ணிக்கினே கீதே, நல்ல மெக்கானிக்காப் பாத்துக் காட்டக் கூடாதா?" என்று பால்காரம்மா என்னிடம் நிஜமான கவலையோடு கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னொன்று, ஹெல்மெட். யாரும் ஹெல்மெட் போடாத காலம் அது. இவர் முகத்தை முழுசாக மூடுகிற மாதிரி ஒன்றை வாங்கி வந்தார். பாதுகாப்புக்காம்! ஓட்டுகிற நான் வெறுந்தலையோடு இருப்பேன், பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் ஹெல்மெட்டோடு இருப்பார். சும்மா போகிறவன் கூட நின்று பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கம் கூட்ரோட்டில் வேர்வை தாங்காமல் அவர் ஒரு நிமிடம் அதைக் கழற்றியபோதுதான் வினை வந்தது. தினமும் அவரோடு ரயிலில் சீட்டாடுகிற கோஷ்டியில் ஒருவர் டீக்கடை வாசலில் நின்றிருந்தார். மறுநாள் ரயிலில், "என்னா சார், மேடம் டிரைவர், நீங்க கண்டக்டரா?" என்று கேட்டார்களாம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாட்கணக்கில் பேச்சில்லை. ரயிலில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நானும் வெறுத்துப்போய், இனிமேல் கேட்பதில்லை என்று கைகழுவி விட்டேன்.

அப்புறம்தான் அந்த பந்த் வந்தது. எதற்காக பந்த் என்பது கூட இப்போது ஞாபகமில்லை. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடைகள் எல்லாம் மூடியிருந்தன. அவர் ஆபீஸ் போகவில்லை, நானும் அன்று லீவு போட்டிருந்தேன். காலையில் வாசலில் நின்று பார்த்தேன். ரோட்டில் ஈ காக்கா இல்லை. நாக்கு சும்மா இருக்குமா? "ஏங்க, இன்னிக்கு யாரும் பார்க்க மாட்டாங்க. வேளச்சேரி ரோட்டுல சும்மா ஒரு சுத்து போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். பேப்பரை மடித்து வைத்தவர், "சரி, வா" என்று எழுந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செம்பாக்கம், மேடவாக்கம் எல்லாம் தாண்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், கோரைப்புல், கூட்டம் கூட்டமாகப் பறவைகள். ஒரு வண்டி கிடையாது. பின்னால் ஏதோ அசைந்தது. கண்ணாடியில் பார்த்தால், மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தலைமுடி காற்றில் பறந்துகொண்டிருந்தது. என் தோளில் கை வைத்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போயேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காற்றில் கண் கலங்குவதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று ஓட்டிக்கொண்டே போனேன். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். பைத்தியக்காரி!

திரும்பி வரும்போது மேடவாக்கம் தாண்டியதும் நெஞ்சை என்னவோ செய்கிறது என்றார். "கேஸா இருக்கும், ஒரு சோடா குடிச்சாச் சரியாயிடும்" என்று அவரே சொன்னார். சோடாவுக்கு எங்கே போவது? கொஞ்ச தூரத்தில் அவர் தலை என் முதுகில் பொத்தென்று விழுந்தது. நிறுத்திப் பார்த்தால் சட்டை முழுக்க நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்த வயதில் மாரடைப்பு வரும் என்று யார் நினைத்தார்கள்? ரோட்டில் கூப்பிட ஒரு ஆள் இல்லை, கைகாட்ட ஒரு வண்டி இல்லை. நான் சுடிதாரில் இருந்தேன். துப்பட்டாவை எடுத்து அவர் இடுப்பையும் என் இடுப்பையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். "தூங்கிடாதீங்க, என்னைப் பிடிச்சுக்கோங்க" என்று கத்திக்கொண்டே தாம்பரத்தைப் பார்த்து ஓட்டினேன். பிள்ளையார் கோயில் முனையைத் தாண்டியபோது கூட நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு முந்தின திருப்பத்தில் பந்த்துக்காகக் கடையை மூடிவிட்டு ஒரு கும்பல் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. அதுவரைக்கும் முனகக் கூட முடியாமல் கிடந்தவர் என் முதுகில் தட்டினார். "நிறுத்து. இங்கயே எறக்கி விடு. நான் நடந்து போய்க்கறேன்." "பேசாம இருங்க" என்று கத்தினேன். அவர் கை என் இடுப்பில் முடிச்சைத் தேடியது. அவிழ்க்கப் பார்த்தார். விரலில் பலம் இல்லை. மூச்சுவிட முடியாதவர், "ஹெல்மெட் எங்க? ஹெல்மெட்டைக் குடு" என்றார். அது எங்கேயோ ரோட்டில் விழுந்து போயிருந்தது. நான் நிறுத்தவில்லை. கேட்டைத் தாண்டி, சரிவில் ஏறி, எமர்ஜென்சி வாசல் வரைக்கும் போய்த்தான் பிரேக் பிடித்தேன்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஓடி வந்தார். "இன்னாமா இது, கட்டிப்போட்டு இட்டுகினு வந்துகீறே!" என்றவர், முடிச்சு அவிழவில்லை என்றதும் உள்ளே ஓடிக் கத்தரிக்கோல் எடுத்து வந்து வெட்டினார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். ராத்திரி போகும்போது அந்த ஸ்ட்ரெச்சர்காரர் என்னிடம் வந்து, "நீ மட்டும் ஓட்டிகினு வரலேன்னா ஆளு அவுட்டும்மா. கெட்டிக்காரி நீ" என்றார். இந்த விஷயத்தில் என்னை ஒரு வார்த்தை பாராட்டிய ஒரே மனிதர் அவர்தான்.

என் கணவருக்கு நினைவு நன்றாகத் திரும்பியதும் நான் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உதடு அசைந்தது. என்னவோ சொல்லப் போகிறார் என்று காதைக் கிட்டே கொண்டுபோனேன். "நம்ம தெருக்காரங்க யாரும் பார்க்கலையே?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் பஸ் ஓட ஆரம்பித்ததும் அனகாபுத்தூரிலிருந்து என் மாமியாரும் மைத்துனரும் பதறி அடித்துக்கொண்டு வந்தார்கள். "ஒரு வண்டி வாசி இல்லாத நாள்ல எப்படிடா வந்து சேர்ந்தே?" என்று மாமியார் அவர் தலையைத் தடவிக்கொண்டே அழுதார். அவர் என்னைப் பார்க்கவில்லை. "வீட்டுலதாம்மா நெஞ்சு வலி வந்துது. நல்ல வேளை, ஒரு ஆட்டோ வந்துது. காசு கூட வாங்காமப் போயிட்டான்" என்றார். பந்த் அன்றைக்கு ஆட்டோவா! மாமியார் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். ஆட்டோக்காரன் ரூபத்தில் ஆண்டவனே வந்தான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வீட்டுலதானே இருந்தே, கொஞ்சம் முன்னாடியே கவனிச்சிருக்கக் கூடாதாம்மா?" என்றார். எனக்கு வாய் வரை வந்தது. கணவர் மனதுக்கு அதிர்ச்சியாக எதுவும் பேசக்கூடாது என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார். விழுங்கிக்கொண்டேன்.

அன்று விழுங்கியது தொண்டையிலேயே நின்றுவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் ஆட்டோ கதையைச் சொன்னார். சொல்லச் சொல்ல ஆட்டோக்காரர் வளர்ந்தார். காக்கிச் சட்டை வந்தது, நெற்றியில் விபூதி வந்தது. மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஆட்டோக்காரரின் குடும்பத்துக்காக விளக்கேற்ற ஆரம்பித்தார். என் கணவர் தேறி வேலைக்குப் போனதும், பழைய ரயில் பெட்டிக்கே திரும்பிவிட்டார். சீட்டுக் கோஷ்டிக்கும் இதே கதைதான் போயிருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் சமையலறையில் நாங்கள் இரண்டே பேர். அன்றைக்குப் பள்ளிக்கரணையில் நன்றாக இருந்ததே, மெதுவாக ஒரு தடவை போய் வருவோமா என்று கேட்டேன். காபியை ஆற்றிக்கொண்டிருந்தவர், "அந்த ஆட்டோக்காரன் மட்டும் வரலைன்னா இன்னிக்கு நான் இல்லை, தெரியுமா?" என்றார். என்னிடம்! விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை, பொய் சொல்கிறவரின் கூச்சமும் இல்லை. உள்ளபடியே நன்றியோடு இருந்தார். சொல்லிச் சொல்லி அந்தக் கதையை அவரே நம்பிவிட்டிருந்தார். அடுத்த லீவில் அண்ணன் வந்தபோது வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அண்ணன் கேட்டபோது, சாவியை அவர் கையில் வைத்துவிட்டுக் காபி போட உள்ளே போனேன்.

எங்களுக்குப் பிறகு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்குப் பேச்சு வந்ததிலிருந்து ஆட்டோ கதை அப்பா மடியில் உட்கார்ந்து கேட்கிற கதை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள், நான் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, சட்டென்று திரும்பிக் கேட்டாள்: "ஏம்மா, அப்பாவை ஆட்டோக்காரர் தூக்கிட்டுப் போனாரே, அப்ப நீ எங்கம்மா இருந்தே?"

"வீட்டுலதான்டி இருந்தேன்" என்றேன். பின்னலை மறுபடியும் முதலிலிருந்து போட வேண்டியிருந்தது. ஒரு மனிதரைக் கூட வா என்று வருடக்கணக்கில் கெஞ்சலாம், அவர் உயிரையே இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடலாம், ஆனால் உன்னோடுதான் வந்தேன் என்று அவர் வாயால் சொல்ல வைக்க முடியாது என்பதை மட்டும் என்னால் இன்று வரைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.