சிப்பியில் நின்ற பூஜைத் தண்ணீர்

முதலில் வலித்தது கண்ணுக்குப் பின்னால். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உலு திராம் ஊரில் எங்கள் வீட்டு ஹால் ஜன்னல் திட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிகோனியா தொட்டியைத் தூக்கியபோது, கண்ணை யாரோ உள்ளிருந்து விரலால் தள்ளுவதுபோல் இருந்தது. மதியத்துக்குள் உடம்பு கொதித்தது.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்களுடையது வரிசை வீடு. முன்வாசல் முழுக்க சிமெண்ட், கைப்பிடி மண் கிடையாது. அதனால் மூன்று ஜன்னல் திட்டுகளிலும் பூச்செடிகள் வைத்திருந்தேன். மெர்சிங் கடற்கரையில் பொறுக்கிய பெரிய சிப்பிகளைத் தொட்டிகளுக்கு அடியில் தட்டாக வைத்து, இடையில் சின்னச் சங்குகளை அடுக்கியிருந்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

சாயங்காலம் கிளினிக் போனேன். இளவயது டாக்டர். "வைரல் ஃபீவர்தான் அன்டி. பனடோல் சாப்பிடுங்க, ரெஸ்ட் எடுங்க," என்றார். வியாழக்கிழமை எலும்பெல்லாம் உடைகிற வலியோடு மறுபடி போனேன்.

"டாக்டர், டிங்கி கொசுக் காய்ச்சலா இருக்குமா? ரத்தம் எடுத்துப் பாக்கலாமா?"

"அன்டி, ஃபேஸ்புக் பாத்துட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார். வலிக்கு வேறொரு மாத்திரை எழுதினார். என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது காய்ச்சல் விட்டிருந்தது. அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். தலைக்குக் குளித்தேன், விளக்கேற்றினேன், கலசத் தண்ணீரை மாற்றினேன். பழைய தண்ணீரை வழக்கம்போல ஜன்னல் செடிகளுக்கு ஊற்றினேன். பூஜைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, கால் படும். எனக்கு அப்படித்தான் பழக்கம்.

மத்தியானம் வயிற்றைப் பிசைந்து வலித்தது, நாலு முறை வாந்தி. கிளினிக்குக்குப் போன் செய்தால், "காய்ச்சல் விட்டுருச்சுல்ல? அப்ப கேஸ்ட்ரிக்தான்," என்றது ஒரு பெண் குரல். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டரம்மா முதலில் கேட்டது இதுதான்: "காய்ச்சல் எத்தன மணிக்கு விட்டுச்சும்மா?"

"காலைல ஆறு மணிக்கு. நல்லாயிட்டேன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. டிங்கியில காய்ச்சல் விட்ட அப்புறம்தாம்மா ஆபத்து. அந்த ஒரு நாள், ரெண்டு நாள்தான் நாங்க பயப்படுவோம்."

ரத்த நாளங்களிலிருந்து நீர் வெளியே கசிய ஆரம்பித்திருந்தது. தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) மிகவும் இறங்கியிருந்தன. கிளினிக் கொடுத்த வலி மாத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இத டிங்கியில குடுக்கவே கூடாது. ரத்தக் கசிவு கூடும்," என்றார். எனக்குக் காய்ச்சலைவிடக் கோபம்தான் அதிகமாக ஏறியது. நான் வாய்விட்டுக் கேட்டேனே, ரத்தம் எடுங்கள் என்று!

இரண்டு நாள் கை முழுக்க ஊசி, சலைன், மணிக்கொரு தரம் ரத்த அழுத்தம். அம்மனைக் கூப்பிடவும் வாயில் ஈரம் இல்லை. மூன்றாம் நாள் பசி எடுத்தது. பிழைத்துவிட்டேன் என்று அப்போதுதான் வீட்டுக்காரர் அழுதார்.

அன்றைக்குத்தான் நாத்தனார் கமலா வந்தாள். சுகாதாரத் துறை ஆட்கள் வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்களாம்.

"அண்ணி, ஒங்க சாமித் தண்ணியிலதான் கொசுப் புழு நெளியுதாம். ஐயோ, அலமாக், எனக்கு மானமே போச்சு! கடல் பொருள வீட்டுல வைக்காதீங்கன்னு அப்பவே சொன்னேன். சாமி குத்தம். எல்லாத்தையும் குப்பை லாரியில ஏத்திட்டேன்."

"செடியையுமா?"

"செடி, சிப்பி, எல்லாம்தான். உசுரா, செடியா?"

படுத்தபடியே கத்தினேன். சாமி எதற்கு என்னைக் குத்தம் பிடிக்கிறது? குத்தம் என்னுடையது, அதை ஒத்துக்கொள்கிறேன். வாளி, பூச்சாடி எல்லாவற்றையும் வாராவாரம் கவிழ்த்தவள், அந்தச் சிப்பிகளை மட்டும் கவிழ்க்கவில்லை. தீர்த்தம் ஆயிற்றே, எப்படிக் கொட்டுவது என்று விட்டேன். கொசுவுக்கு எது தீர்த்தம், எது மழைத் தண்ணீர் என்று தெரியாது. ஆனால் பின்வரிசையில் பூட்டிக் கிடக்கும் வீட்டுப் பெயிண்ட் டின்களிலும் புழு இருந்தது என்று அதே ஆட்கள் சொன்னதைக் கமலா சொல்லவில்லை. வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார். எந்தக் கொசு கடித்தது என்று யாருக்கும் தெரியாது. தெருவெல்லாம் என் ஜன்னலைத்தான் பேசியது. என்னைத் திருப்பி அனுப்பிய டாக்டரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நடக்கத் தெம்பு வந்ததும் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். அதே நாற்காலி, அதே சிரிப்பு.

"என்ன அன்டி, உடம்புக்கு என்ன?"

"ஒன்னுமில்ல டாக்டர். நான் செத்துப் போகாததச் சொல்ல வந்தேன்."

ஆஸ்பத்திரிக் காகிதத்தை மேசையில் வைத்தேன். படித்தார். சிரிப்பு போயிற்று. "சாரி அன்டி. கூட்டம் அதிகம் அன்னிக்கி..."

"எனக்கு சாரி வேணாம். அடுத்து வர்றவங்க கேட்டா ரத்தம் எடுங்க. அது போதும்."

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிடும் மணியை மட்டும் அழுத்தினார்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால், அது விட்ட நேரத்தைக் காலண்டரில் எழுதி வையுங்கள். வயிற்று வலி, வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் போன் செய்து நிற்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஃபேஸ்புக் என்று யார் சிரித்தாலும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

ஜன்னலில் மறுபடி செடி வைத்திருக்கிறேன். புதுச் சிப்பிகள் கவிழ்ந்து கிடக்கின்றன. கலசத் தண்ணீரைத் தெருமுனை வேப்பமரத்தடி மண்ணில் ஊற்றுகிறேன். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மூன்று மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது, அதுவும் நின்றுவிட்டது. திரும்பி வராதது ஒன்றுதான். முன்பெல்லாம் காலையில் உடம்பு லேசாக இருந்தால் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது உடம்பு லேசாக இருக்கிற காலையில்தான் படுக்கையில் உட்கார்ந்து, ஈறைத் தடவி, வயிற்றை அமுக்கி, நல்லாயிட்டேன் என்கிற உடம்பிடமே கேட்கிறேன்: உண்மையாகவா?