வாடிப்பட்டியில் ஒரு மூலையில்லா வீடு

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் வாங்கிப்போட்ட ஆறு சென்டில் நாங்கள் வீடு கட்ட வேண்டும். எனக்கு மண் வீட்டு ஆசை. என் மனைவி சாந்திக்குத் தன் தங்கை வீடு மாதிரி கான்கிரீட்தான் வேண்டும். "பார்த்துட்டு வேணாம்னா விட்டுருவோம்" என்று சமாதானம் பேசித்தான் போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஒரு கட்டடக் கலைஞர் தனக்கென்று கட்டிய மண் வீட்டைப் பார்க்க அவளைக் கிளப்பினேன்.

காலை ஏழு மணிக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் பஸ். வாடிப்பட்டி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "அந்த வளைஞ்ச வீட்டுக்கா? ஏறுங்கண்ணே, ஞாயித்துக்கெழமைன்னா எல்லாரும் அங்கதான் வாராங்க" என்றார் ஓட்டுநர்.

கட்டடக் கலைஞர் ரஹ்மத் கோரிப்பாளையத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய பெண்மணி. சென்னையில் பல வருடம் அடுக்குமாடிகளுக்கு வரைபடம் போட்டவர். தான் வரைந்த ஃப்ளாட்டிலேயே குடியேறி, ஒரு கோடைகூடத் தாங்காமல் ஓடி வந்ததாக அவரே சொல்லிச் சிரித்தார். இப்போதிருக்கும் வீட்டை அந்த நிலத்து மண்ணிலேயே சுண்ணாம்பு கலந்து எழுப்பியிருக்கிறார். இரண்டு வேப்பமரங்களை வெட்ட மனமில்லாமல் சுவரை வளைத்து விட்டிருக்கிறார். வெளியே அனல், உள்ளே ஃபேன் இல்லாமலே உட்கார முடிந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

சாந்தி அசரவில்லை. "பீரோவ எந்தச் செவுத்துல ஒட்டி வைக்கிறது?" என்றாள்.

"பீரோவுக்கா வீடு கட்டப் போறீங்க?" என்றார் ரஹ்மத்.

அவர் காகிதத்தில் தொடங்குவதில்லை. அன்றைக்கே எங்களோடு எங்கள் மனைக்கு வந்து ஆளுக்கொரு டப்பா கோலமாவு கொடுத்தார். வீடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து படுக்கிறவரை மாவைத் தூவியபடி நடக்க வேண்டும். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் சுவர் எங்கே என்று முடிவு செய்வாராம். நான் வாசல், ஈசிசேர், புத்தக அலமாரி என்று ராஜநடை போட்டேன். சாந்தி அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கொடிக்கயிற்றுக்குமாக நடந்ததில் அந்தப் பக்கமே வெள்ளையாகிவிட்டது.

"வேலையெல்லாம் முடிஞ்சிருச்சுல்ல, இப்ப எங்க உட்காருவீங்கம்மா?" என்று ரஹ்மத் அவளிடம் கேட்டார்.

சாந்தி தான் போட்ட கோடுகளைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படி ஒரு எடத்த நான் நெனைக்கவே இல்லையேக்கா."

எனக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்கில் இந்த வீட்டைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அவளிடம் இதைக் கேட்டதே இல்லை.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். கோடையில் போனால்தான் வித்தியாசம் தெரியும். மண் சுவருக்கு மழைக்கு முன்னால் வருடா வருடம் பூச்சு பார்க்க வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை. தனியாக மட்டும் போகாதீர்கள், அந்த வீட்டில் குடியிருக்கப்போகிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாந்தி என்ன சொன்னாள் என்றுதானே கேட்கிறீர்கள்? கிளம்புகிற நேரத்தில் என் ஈசிசேர் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, அங்கே ஒரு வட்டம் போட்டாள். "இது எனக்கு. வளைச்சே கட்டுங்கக்கா. ஆனா கதவு வேணும். தாழ்ப்பா உள்பக்கம்."