சூசைதாசனின் நாக்கு

கிளேட்டனில் சூசைதாசன் வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி பிறகுதான். முதலில் மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்துச் சோதனை எழுத வேண்டும். ஒன்று பைப் தண்ணீர், ஒன்று விலை கூடிய போத்தல், ஒன்று சூப்பர் மார்க்கெட்டின் மலிவுப் போத்தல். எது எது? பிழைவிடாத விருந்தாளி மெல்பேர்னிலேயே இல்லை. அவருக்கோ கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு போதும். தண்ணீர் அடைக்கும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் தரம் பார்த்த நாக்கு அது.

"மலிவுத் தண்ணியில ஒரு குற்றமும் இல்லை. போத்தலிலதான் குற்றம். குடிக்க ரெண்டு நிமிசம், அது மண்ணுக்குள்ள எத்தினை வருசம் கிடக்கும்?" என்று அவர் தொடங்கினால் வந்தவர்கள் கார்ச் சாவியைத் தேடுவார்கள். சோதனைக்குத் திறந்த போத்தல்களையும் அவரே நசுக்கி, மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடித் தொட்டியில் போடுவார். இந்த விஷயத்தில் மனைவி ஞானமலரைக்கூட நம்பமாட்டார்.

போன வருடம் தொண்டையில் கட்டி வந்தது. கதிர்ச் சிகிச்சை கட்டியோடு ருசியையும் கொண்டுபோய்விட்டது. ஞானமலரின் மீன் குழம்பும் வெறுங்கஞ்சியும் அவருக்கு ஒன்றாகிப்போயின. அதைப் பொறுத்துக்கொண்டார். தண்ணீரும் தெரியவில்லை என்றபோதுதான் குலுங்கிக் குலுங்கி அழுதார். புருஷன் அழுது அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு கேட்டார்.

"மலர், அந்த மூண்டு கிளாசையும் வையுமன். இண்டைக்கு நாக்கு கொஞ்சம் முழிச்சமாதிரிக் கிடக்கு."

ஞானமலருக்குத் திக்கென்றது. பிழைவிட்டால் மனிதர் உடைந்துபோவார். வேறு வேறாக ஊற்றிவிட்டு, அவர் பிழையாகச் சொல்வதைச் சரியென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. மூன்றும் ஒரே தண்ணீரென்றால் பிழையென்று ஒன்று இராது. குசினிக்குள் போய் மூன்றையும் பைப்பிலேயே நிரப்பிக்கொண்டு வந்தாள்.

அவர் ஆறுதலாகக் குடித்தார்.

"இது விலை கூடினது. இது பைப். இது மலிவு. சரியோ?"

"ஓமப்பா, மூண்டும் சரி."

அவர் சிரித்தார். மாதக்கணக்காக அவள் காணாத சிரிப்பு.

பிறகு பழக்கதோசத்தில் கையை நீட்டினார்.

"எங்க போத்தலுகள்? தாரும், நசுக்கிவிடுறன்."

குசினியில் திறந்த போத்தல் ஒன்றுமே இல்லை. ஞானமலர் ஈரக் கையைத் துடைத்தபடி நின்றாள்.

அவர் மூன்று கிளாசையும் ஒருதரம் பார்த்தார். பிறகு நீட்டிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பரவாயில்லை, மலர்," என்றார். "ரெண்டு போத்தல் மிச்சம்."