பெரட்டில் வராத ஆமை

எங்கள் வீட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் பழைய பிள்ளை மடுவம் இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற கொட்டகை. இப்போது குழந்தைகள் இல்லை. தொட்டில் கட்டும் கொக்கிகள் மட்டும் உத்தரத்தில் இருபத்திரண்டு தொங்குகின்றன. அவற்றின் கீழே பதினோரு காட்டாமைகளை வைத்திருந்தோம்.

சோதனைச் சாவடியில் ஒரு கடத்தல் வண்டியிலிருந்து மீட்கப்பட்டவை. கால்நடை மருத்துவரான என் மகளின் பொறுப்பு. நோயில்லை என்று தெரிந்தால் தேவர்சோலைக்கு அப்பால் காட்டில் விட்டுவிடலாம். அவளுக்கு அது ஒன்றே குறி. எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற எனக்குக் காலையில் எண்ணிப் பார்க்கும் வேலை. எண்ணாவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது.

வாயில் பஞ்சுக்குச்சி தடவி அனுப்பிய மாதிரிகளின் முடிவு வந்தது. பதினொன்றிலும் ஒரே வைரஸ். ஹெர்பீஸ் குடும்பம்தான்; ஆனால் தெரிந்த எந்த ஆமை வைரஸோடும் மரபணு பொருந்தவில்லை. மகள் வைரஸ்களின் வம்சாவளிக் கிளைப்படம் ஒன்றைக் காட்டினாள். மற்றவையெல்லாம் கொத்துக்கொத்தாக ஒரு பக்கம். இது மட்டும் அடியிலேயே பிரிந்து தனியாக நீண்டு போன ஒரு கோடு.

"பேரு என்னம்மா?"

"இன்னும் பேரே இல்லீங்கப்பா. வண்டியில மத்த ஆமைகளோட கெடந்தப்ப ஒட்டுச்சா, இல்ல நம்ம காட்டுலயே காலங்காலமா இருக்குதான்னு தெரியோணும். காட்டுலயே இருந்தா இதுகளை விட்டுரலாம்."

"இல்லீன்னா?"

"சாகற வரைக்கும் இங்கயேதானுங்க."

அந்த வைரஸ் நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். ஆமை தெம்பாகவே திரியுமாம். அன்றிலிருந்து மடுவத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. மூக்கடைத்த குழந்தை தூங்கும்போது வருமே, அந்த மெல்லிய சீழ்க்கை.

இவற்றோடு சேராத ஒரு காட்டாமையைச் சோதித்தால் விடை தெரியும். மழைக்காலம் முழுக்கத் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை.

பிறகு ஒரு பனிமூட்டக் காலையில் எண்ணினேன்: பன்னிரண்டு. மறுமுனையிலிருந்து எண்ணினேன். பன்னிரண்டுதான். ஓடுகளில் நகப்பூச்சால் எண் எழுதியிருந்தோம். ஒன்றில் மட்டும் எண் இல்லை.

"சாக்கடை ஓட்டை வழியா காட்டுல இருந்து தானா வந்திருக்குதுங்கப்பா!" மகள் குதிக்காத குறை. மாதிரி அனுப்பினாள். அதே வைரஸ்; அப்படியானால் அது காட்டிலேயே இருப்பது. காட்டில் விடுவதற்கு அனுமதி கேட்க அவள் போனை எடுத்தபோது, பப்பாளிக் கூடையோடு வந்தாள் ஆமைகளுக்குத் தீனி போடும் தோட்டத்துக் கிழவி. சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவள்.

"பெரட்டுக்கு வாங்கடா, சோம்பேறிகளா!" என்று ஆமைகளை அழைத்தாள். கூலியாட்களைக் காலையில் நிறுத்தி எண்ணுவதற்குத் தோட்டத்தில் அதுதான் பெயர்.

புதிதாக வந்ததைக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

"இதுவா புதுசு? ஐயாவுக்குக் கண்ணு போச்சு. மழை தொடங்கினதிலயிருந்து இங்கதானே கிடக்கு. நீங்க போன பிறகுதான் தொட்டிக்குப் பின்னாலயிருந்து வெளிய வரும்."

"ஏம்மா சொல்லல?"

"பேர் பதியாத ஆளைப் பெரட்டுல எண்ணுவாங்களா? நீங்க பதிஞ்சது பதினொண்ணு. இதுக்கு நான் தின்ன மட்டும் குடுத்தேன்."

நான் வேலை பார்த்த காலம் முழுக்க நானும் அப்படித்தான் எண்ணினேன். மகள் போனைக் கீழே வைத்தாள். மழைக்காலம் முழுக்க ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்திருக்கின்றன. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று இனி எப்படிச் சொல்வது? தானாக வந்த இந்த ஆமையும் இனி காட்டுக்குத் திரும்பிப் போக முடியாது. அதன் ஓட்டில் பன்னிரண்டு என்று எழுதினாள். நான் சாக்கடை ஓட்டையைக் கல் வைத்து அடைத்தேன்.

மறுநாள் மாலை, கல்லருகே பிறாண்டும் சத்தம். உள்ளே எண்ணினேன், பன்னிரண்டும் வைக்கோலில் கிடந்தன. பிறாண்டல் வெளியிலிருந்து வந்தது.

"கல்லைத் தொட்டுறாதீங்கப்பா," என்று புதுக் கையுறை மாட்டினாள் மகள். இருவரும் சுவரைச் சுற்றிப் போனோம். பனிமூட்டத்தில், எண்ணில்லாத ஓர் ஆமை கல்லில் தலையை முட்டி நின்றது. அதன் மூக்கில் ஒரு நீர்க்குமிழி விரிந்து சுருங்கியது, அதே சீழ்க்கை.

மகள் பஞ்சுக்குச்சியோடு குனிந்தாள். பின்னால், தேயிலைச் செடிகளுக்கு அடியில் இன்னொரு சீழ்க்கை கேட்டது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எண்ணத் தொடங்கினேன், பிறகு நிறுத்திவிட்டேன்.