நான்கு பேரான லாரி டிரைவர்

எண்ணூர் சரக்குக் கிடங்கில் எனக்குத் தரவுகளைச் சீராக்கும் வேலை. ஒரு லாரியின் பதிவுக்குள் குழாய், கயிறு, பெயின்ட், வால்வு எல்லாம் ஒரே பட்டியலாக அடைந்து கிடக்கும். ஒரு நாள் அப்படி ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தனிப் பதிவு போட்டேன். டிரைவர் பெயரும் நான்கிலும் ஏறிக்கொண்டது. உள்ளே வந்தவர்கள் நால்வர் என்று கேட் கணினி முடிவு கட்டிவிட்டது.

சட்டைப்பையில் எப்போதும் சீப்பு வைத்திருக்கும் அந்தத் தொந்திக்கார டிரைவர் என்னிடம் வந்தார்.

"இன்னா நைனா, மீதி மூணு பேரு வராம செக்யூரிட்டி வெளிய போக கேட்டைத் தொறக்கமாட்டானாம். சாயங்காலம் என் பொண்ணைப் பாக்க ராயபுரம் வூட்டுக்கு மாப்ள வூட்டாரு வராங்க."

"சரிபண்ண நேரமாகும்ணே."

அவர் காத்திருக்கவில்லை. கேட் கேமரா முன் நின்று நேர்வகிடு, கோணவகிடு, வகிடே இல்லாமல் என்று தலையை மாற்றி மாற்றி வாரி முகம் காட்டினார். காவலாளியும் சளைக்காமல், "அடுத்த ஆளு!" என்றார். கடைசியில் நான்காவது ஆளாக, நெற்றியில் சுருள்முடியோடு லாரியில் வந்தார்.

"ஒரே ஆளுதானேண்ணே, எதுக்கு மாத்தி மாத்தி வாருறீங்க?"

"நாலு பேருன்னு நீதான எழுதி வெச்சிக்கீற. நாலும் ஒரே மூஞ்சியா இருந்தா செக்யூரிட்டிக்கு பேஜாரு இல்ல?"

கேட் திறந்தது. பிழையை அன்றே திருத்திவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முன் போய் நின்றது அந்த நால்வரில் யார் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.