க்ரோயே: தோல் மணக்கும் பிரெஞ்சு ஊரும் ஏகாம்பரம் போட்ட ‘உ’வும்

1993 அக்டோபரில் நான் பிரான்சுக்குப் போனது ஊர் பார்க்க இல்லை, பஞ்சாயத்துக்கு. குரோம்பேட்டையில் ஒரு சின்ன டேனரியில் ஆட்டுத்தோலைத் தரம் பிரிப்பது என் வேலை. க்ரோயே என்ற ஊருக்கு நாங்கள் முதல் தரம் என்று அனுப்பிய சரக்கைப் பற்றி ஒரு ஃபேக்ஸ் வந்தது. எல்லாம் இரண்டாம் தரமாம், எங்கள் ஆட்களே ஒவ்வொரு கட்டிலும் ‘2’ என்று எழுதியிருக்கிறார்களாம். பிரித்தது நான். கட்டியது இரும்புலியூர் ஏகாம்பரம். முதலாளி கேட்டதும், “கட்டும்போது மாத்தியிருப்பான் சார்” என்று சொல்லிவிட்டேன். பயத்தில் வாயில் வந்தது அதுதான்.

அன்றே ஏகாம்பரத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “ரெண்டுன்னு நான் இன்னாத்துக்கு சார் எழுதப் போறேன்? எல்லாம் ஃபர்ஸ்ட் தோலு சார்” என்று கேட் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். நேரில் பார்த்துவிட்டு வா, இரண்டாம் தரம்தான் என்றால் அவன் திரும்ப வரவே வேண்டாம் என்று சொல்லி முதலாளி என்னை அனுப்பினார்.

துலூஸ் நகரத்திலிருந்து க்ரோயே சுமார் 60 கிலோமீட்டர். ஞாயிறு மதியம் 2.10-க்கு பஸ். டிக்கெட் 48 ஃபிராங்க், அன்றைய மதிப்பில் 265 ரூபாய் போல. எழுத்துக் கூட்டி “கிராவுல்ஹெட்” என்று கேட்டேன். டிரைவர் உதட்டைப் பிதுக்கினார். பெயர் எழுதிய காகிதத்தை நீட்டியதும், “ஆ, க்ரோயே!” என்று சிரித்துவிட்டார். பாதி எழுத்து சும்மா அழகுக்குத்தான் போலிருக்கிறது.

3.35-க்கு இறங்கினேன். முதலில் வந்தது வாடை. பல்லாவரத்தில் ரயில் நின்றால் பெட்டிக்குள் ஏறுமே, அதே சுண்ணாம்பும் தோலும் கலந்த வாடை. கண் கலங்கிவிட்டது, பொய் இல்லை.

எங்களிடம் தோல் வாங்கும் கம்பெனியில் தரம் பார்க்கிற பெண்மணி, மதாம் ஒதெத், பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், என்னைப் போலவே அரைகுறை இங்கிலீஷ். பஞ்சாயத்து நாளைக்கு, இன்றைக்கு ஊரைப் பாருங்கள் என்று நடக்க ஆரம்பித்தார்.

ததூ என்று ஒரு சிறிய ஆறு. அதன் மேல் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல் பாலம். அதில்தான் ஒரு அம்மா ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாவகாசமாகப் போகிறார்! நான் நடுப்பாலத்தில் நின்று கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தேன். பல்லாவரம் மலையில் இதைவிடப் பழைய குகை இருக்கிறது. தினமும் தாண்டிப் போகிறேன், ஒரு நாளும் ஏறிப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

பாலத்துக்கு அருகே பானெசாக் என்ற பழைய பகுதி. மரச் சட்டங்களுக்கு நடுவே செங்கல் வைத்த வீடுகள், இரண்டு பக்கமும் தெருவைப் பார்த்துக் குனிந்து நிற்கின்றன. டேனரிகளின் மேல்மாடி முழுக்கத் தோல் காயப்போட மரச் சட்டம் அடித்த திறப்புகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தோல் தொழிலாளர்கள், பெண்களும் சேர்ந்து, மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்களாம். பொதுவில் சமைத்துப் பகிர்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒதெத் அதைச் சொன்னபோது எனக்கு ஏகாம்பரத்தின் வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவர் காட்டிய மாதா கோயில் மனதில் நிற்கவில்லை.

திங்கள் காலை 8 மணிக்கு கிடங்கு. ஒதெத் முதல் கட்டின் மேல் தோலைத் திருப்பி, “டூ” என்றார். அடுத்தது, “டூ”. குனிந்து பார்த்தேன். நீலப் பென்சிலில், வாலை நீட்டி, அழகாக ஒரு ‘உ’.

பிள்ளையார் சுழி! பரீட்சைத் தாளிலிருந்து மளிகைச் சீட்டு வரைக்கும் போடுகிறோமே, அதை ஏகாம்பரம் ஒவ்வொரு கட்டுக்கும் போட்டிருக்கிறார். நாம் யாரும் அதை இரண்டு என்று படிப்பதில்லை, அதனால் குரோம்பேட்டையில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பழைய தமிழ் எண்ணில் இரண்டுக்கும் இதே வடிவம்தான் என்பது வேறு தமாஷ்.

யானைத் தலை, தும்பிக்கை, தொப்பை எல்லாம் வரைந்து காட்டினேன். ஒதெத் சிரித்தார், ஆனால் நம்பவில்லை. பன்னிரண்டு கட்டை அவிழ்க்கச் சொன்னார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று பிரித்தோம். கண்ணை மூடிக்கொண்டு முதுகெலும்பு ஓடும் இடத்தில் உள்ளங்கையை இழுத்துப் பார்த்தார். நானும் அப்படித்தான் பார்ப்பேன். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது? மெய் சிலிர்த்துவிட்டது. இரண்டே கால் மணி நேரம் கழித்து, எல்லாம் முதல் தரம் என்று கையெழுத்துப் போட்டார்.

மதியம் அவர் வீட்டில் சாப்பாடு. ரொட்டியை அறுப்பதற்கு முன் அதைத் திருப்பி, கத்தி நுனியால் அடியில் ஒரு சிலுவை கீறினார். என்னை நிமிர்ந்து பார்த்து, “இது எங்கள் யானை” என்றார்.

முதலாளிக்கு ஃபேக்ஸ் போய்விட்டது. ஏகாம்பரத்துக்கு நான்தான் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்குப் பக்கத்து எஸ்டிடி பூத் நம்பர் என் டைரியில் இருந்தது. இரண்டாவது முறை கூப்பிட்டபோது அவரே லைனில் வந்தார்.

“ஏகாம்பரம், சரக்கு ஃபர்ஸ்ட்தான். நீ போட்ட சுழியை ரெண்டுன்னு படிச்சிருக்காங்க.”

“அப்ப நாளைக்கு வேலைக்கு வர்ட்டா சார்?”

“வா. இன்னொண்ணு, முதலாளிகிட்ட உன்னைப் பத்தி...”

“தெரியும் சார். நீ சொல்லச்சொல்ல நான் ரூமுக்கு வெளியதான் நின்னுகினு இருந்தேன்.”

பூத்தில் போட்ட ஃபோன் கார்டில் யூனிட் தீர்ந்து லைன் அறுந்தது.

போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மற்ற நாளில் மதியம் 12-க்கு மூடினால் 2-க்குத்தான் திறப்பார்கள், சாப்பாட்டைக் கையில் வைத்திருங்கள். கல் தெருவுக்கு வழுக்காத ஷூ வேண்டும். பாலத்தைச் சாயங்கால வெயிலில் பாருங்கள். பஸ் நேரங்களை இப்போது புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள், நான் சொன்னதெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு.

நான் மீனம்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக இரும்புலியூர் போனேன். “என்னை மன்னிச்சுடு ஏகாம்பரம்” என்றேன். அவர் என் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

“உள்ள வா சார். மொதல்ல அந்த ஊரு எப்டி கீதுன்னு சொல்லு.”